ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் அது ரீஸ்டார்ட் ஆகாது: கம்ப்யூட்டரைத் தொடங்கவும் மறுபடி தொடங்கவும் உள்ள வழிகள்

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று உறவினர் ஒருவர் கூப்பிட்டார். ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தானே படுக்கிறேன், காலையில புதுசாத்தான் ஆன் ஆகுது" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தேர்ந்தெடுத்தால், 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அது சொல்லும். தினமும் அணைக்கப்பட்ட அந்த லேப்டாப்பில் அது 41 நாள் காட்டியது. ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட்டை ஒருமுறை அழுத்தினோம், பிரிண்டர் வந்துவிட்டது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ரீஸ்டார்ட் என்பது லேசான வேலை, அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்வதுதான் ஆழமான வேலை என்று பெரும்பாலானோர் நம்புகிறோம். ஒரு காலத்தில் அது சரிதான். விண்டோஸில் இப்போது அது தலைகீழ்.

அணைத்தாலும் அணையாதது எது

2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியைச் சேர்த்தார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது தொடர்கிறது, பல கம்ப்யூட்டர்களில் வாங்கும்போதே ஆன் ஆகி இருக்கும். நீங்கள் ஷட் டவுன் அழுத்தும்போது திறந்திருக்கும் நிரல்கள் எல்லாம் மூடப்படுகின்றன, உங்கள் கணக்கிலிருந்தும் வெளியேற்றப்படுகிறீர்கள். ஆனால் விண்டோஸின் அடிமட்டம், அதாவது கெர்னல் என்ற மைய நிரலும், பிரிண்டர், வைஃபை போன்ற கருவிகளை இயக்க அதோடு ஒட்டி ஓடும் டிரைவர் நிரல்களும், மூடப்படுவதில்லை. அந்த நேரத்தில் அவை மெமரியில் எப்படி இருந்தனவோ அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதி வைக்கப்படுகின்றன. மறுநாள் பவர் பட்டனை அழுத்தும்போது அந்தக் கோப்பு திரும்ப மெமரிக்கு வருகிறது. நேற்று டிரைவர் குழம்பிப் போயிருந்தால் அந்தக் குழப்பமும் சேர்ந்து திரும்பி வந்துவிடும்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படி எதையும் எழுதி வைப்பதில்லை. கெர்னலையும் மூடிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுகிறது. அப்டேட் போட்ட பிறகும், புது டிரைவர் நிறுவிய பிறகும், வைஃபை, சத்தம், புளூடூத் ஏதாவது திடீரென்று காணாமல் போனாலும், நீங்கள் அழுத்த வேண்டியது ரீஸ்டார்ட்டைத்தான்.

முழுதாக அணைத்தே ஆக வேண்டும் என்றால், உதாரணமாக உள்ளே இருக்கும் ரேம் மெமரியை மாற்றப் போகிறீர்கள் என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள். அந்த ஒருமுறை மட்டும் பழைய முறையில் முழுதாக அணையும். நிரந்தரமாக வேண்டாம் என்றால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறங்கள். அங்கே சில பெட்டிகள் மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். மேலே இருக்கும் 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவைலபிள்' என்ற வரியைச் சொடுக்கிய பிறகுதான் அவை திறக்கும், அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

எடுக்கலாமா, வேண்டாமா? எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், இருக்கிற கம்ப்யூட்டர் என்றால் நான் எடுத்துவிடுவேன், சில நொடிகள்தான் வித்தியாசம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வேன். ஒரே கம்ப்யூட்டரில் லினக்ஸும் விண்டோஸும் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாமல் போகும், வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் கெடவும் வாய்ப்பு இருக்கிறது.

ஸ்லீப், ஹைபர்நேட் இரண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லீப்பில் மெமரிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், மற்றவை ஏறக்குறைய ஓய்வில் இருக்கும். ஹைபர்நேட்டில் திறந்திருக்கும் வேலைகள் உட்பட எல்லாமே டிஸ்க்கில் எழுதப்பட்டு மின்சாரம் நின்றுவிடும். லேப்டாப் மூடியைத் திறந்ததும் திரை வருகிறதே, அது தூக்கத்திலிருந்து எழுவதுதான், தொடங்குவது இல்லை. மாதக்கணக்கில் மூடித் திறந்துகொண்டே இருப்பவர்கள் மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் செய்யாதவர்கள் என்றுதான் அர்த்தம்.

ரீஸ்டார்ட்டுக்குப் போகும் பாதைகள்

ஸ்டார்ட் மெனு எல்லோருக்கும் தெரியும். மவுஸ் வேலை செய்யாத நேரத்துக்கு இரண்டு வழி தெரிந்திருப்பது நல்லது. ஒன்று, விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி, கையை எடுத்துவிட்டு யு, பிறகு ஆர். ஆங்கில விண்டோஸில் இந்த மூன்று தட்டில் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஆருக்குப் பதில் மறுபடி யு தட்டினால் அணையும். இன்னொன்று, எல்லா ஜன்னல்களையும் விண்டோஸ் விசை, டி இரண்டையும் சேர்த்து அழுத்தி ஒதுக்கிவிட்டு, வெறும் டெஸ்க்டாப்பில் ஆல்ட், எஃப்4. ஒரு சின்னப் பெட்டி வரும், அம்புக்குறி விசைகளால் ரீஸ்டார்ட்டைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டலாம். ஜன்னல் ஏதாவது திறந்திருக்கும்போது ஆல்ட், எஃப்4 அழுத்தினால் அந்த ஜன்னல்தான் மூடும், அதனால் ஒதுக்குவதை மறக்காதீர்கள்.

ஹேங் ஆகிவிட்டால், பவர் பட்டனுக்குக் கை போகும் முன்

திரை உறைந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதைக் கடைசியாக வையுங்கள். டிஸ்க்கில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை வெட்டினால், கோப்புகளின் ஒழுங்கமைப்பை இப்போதைய சிஸ்டங்கள் ஓரளவு காப்பாற்றிக்கொள்ளும். நீங்கள் சேமிக்காத வேலையை அவை காப்பாற்றாது, பாதி எழுதிய கோப்புக்கும் உத்தரவாதம் இல்லை.

முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் உள்ளே சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, திரையோ ஏதோ ஒரு நிரலோதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்தாலும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது, இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள்.

திரை மட்டும் கருப்பாகவோ உறைந்தோ இருந்தால் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை சிமிட்டும், பெரும்பாலும் ஒரு 'பீப்' கேட்கும். கம்ப்யூட்டர் முழுவதையும் தொடாமல் கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும் வழி இது. திறந்திருக்கும் வேலைக்கு ஒன்றும் ஆகாது. எத்தனையோ பேர் இது தெரியாமல் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை இழந்திருப்பார்கள்.

டாஸ்க்பார் மட்டும் உறைந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேடி, வலது சொடுக்கி ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பாரும் ஐகான்களும் ஒரு நொடி மறைந்து திரும்ப வரும், அவ்வளவுதான். ஏதோ ஒரு நிரல்தான் தொல்லை என்றால் அதை மட்டும் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் போதும். அதற்கும் அடுத்த படி, சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வருவது.

இவை எதுவும் நடக்காவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட். இந்த மூன்று விசைச் சேர்க்கையை உருவாக்கியவர் ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி. 1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்காக, ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை அணைத்துப் போட்டுக்கொண்டிருக்காமல் சட்டென்று ரீஸ்டார்ட் செய்ய வைத்தது. தெரியாமல் கை பட்டு அழுந்திவிடக் கூடாது என்பதற்காகவே தள்ளித் தள்ளி இருக்கும் விசைகளைத் தேர்ந்தெடுத்தார். இப்போதைய விண்டோஸில் அது உடனே ரீஸ்டார்ட் செய்யாது, ஒரு தனித் திரையைக் காட்டும், அதன் வலது கீழ் மூலையில் பவர் ஐகான் இருக்கும். அதைச் சொடுக்கி வழக்கமாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதுவும் நகராமல் நின்றால், கண்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே ஐகானைச் சொடுக்குங்கள். 'எமர்ஜென்சி ரீஸ்டார்ட்' என்று ஒரு எச்சரிக்கை வரும், சரி என்றால் எந்த நிரலையும் கேட்காமல் உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடும். சேமிக்காதது போய்விடும்.

எல்லாம் பார்த்தாயிற்று, விளக்குகூட மாறவில்லை என்றால் பவர் பட்டன்தான். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் 4 நொடி அழுத்திப் பிடித்தால் அணையும், சில லேப்டாப்களுக்கு 10 நொடிக்கு மேலும் தேவைப்படும். விளக்கும் விசிறியும் நிற்கும் வரை விரலை எடுக்காதீர்கள். சிலர் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள், அது ஸ்லீப்புக்குப் போகச் சொல்லும் சைகைதான். டெஸ்க்டாப்பில் தனியாக ரீசெட் பட்டன் இருந்தால் அதையும் அழுத்தலாம், மின்சாரம் நிற்காமலேயே முதலிலிருந்து தொடங்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பவர் பட்டனைத் தொடவே வேண்டாம். பயாஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது. மதர்போர்டில் இருக்கும் அந்த அடிப்படை நிரல் பாதியில் அழிந்தால் கம்ப்யூட்டர் திரும்ப எழாமலே போகலாம். லேப்டாப் என்றால் சார்ஜர் போட்டுவிட்டுத்தான் அதைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் சதவீதம் நகராமல் நிற்பது வேறு விஷயம், அதற்கும் குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரமாவது பொறுத்துப் பார்ப்பது நல்லது.

பிரச்சினையோடு தொடங்கும் கம்ப்யூட்டர்: சேஃப் மோட்

முழுதாக ரீஸ்டார்ட் செய்தும் உள்ளே நுழைந்த சில நொடிகளில் நீலத்திரை வருகிறது, அல்லது ஏதோ ஒரு நிரல் எல்லாவற்றையும் முடக்குகிறது என்றால், மிகக் குறைந்த டிரைவர்களோடு மட்டும் தொடங்க வேண்டும். அதுதான் சேஃப் மோட். ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள், பாஸ்வேர்டு கேட்கும் திரையில் இருக்கும் பவர் ஐகானிலும் இதைச் செய்யலாம். ஒரு நீல நிறத் தேர்வுத் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், பிறகு ரீஸ்டார்ட். மறுபடி வரும் பட்டியலில் 4 தட்டினால் சேஃப் மோட், 5 தட்டினால் இணையத்தோடு கூடிய சேஃப் மோட். உள்ளே போய், கடைசியாக நிறுவியதை நீக்கிவிட்டு, வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பாஸ்வேர்டு திரை வரைகூட வரவில்லையா? ஆன் செய்து, சுழலும் புள்ளிகள் தோன்றியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதையே மறுபடி ஒருமுறை. இரண்டு தடவை தொடர்ந்து தொடங்க முடியாமல் போனால், விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். முன்பு சொன்ன எச்சரிக்கைக்கு எதிராக இருக்கிறதே என்று தோன்றலாம், ஆனால் வேறு கதவு இல்லாதபோது இந்தக் கதவு இதற்காகவே வைக்கப்பட்டது.

இங்கே ஒன்று முக்கியம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் இந்தத் திரைகளில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் இந்தப் பூட்டு இருக்கிறது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். இன்றைக்குக் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸுக்குள் போக டெலிட், எஃப்2, எஃப்10, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்கு ஒரு விசை இருக்கும், எஸ்எஸ்டி கம்ப்யூட்டர்களில் அதைத் தட்ட நேரமே கிடைக்காது. அவசரப்பட்டுத் தட்டிக்கொண்டிருக்காமல் அதே ஷிஃப்ட், ரீஸ்டார்ட் வழியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வரை போய் 'யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' எடுத்தால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும்.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஆப்பிள் மெனுவில் ரீஸ்டார்ட். உறைந்துவிட்டால் கண்ட்ரோல், கமாண்ட், பவர் பட்டன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வலுக்கட்டாயமாக ரீஸ்டார்ட் ஆகும். சிறப்புத் தொடக்கங்களில்தான் குழப்பம், ஏனென்றால் 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்த பிறகு முறை மாறிவிட்டது. பழைய இன்டெல் மேக்குகளில் ஆன் செய்ததும் ஷிஃப்டைப் பிடித்தால் சேஃப் மோட், கமாண்டும் ஆரும் பிடித்தால் மீட்புத் திரை. எம் வரிசை மேக்குகளில் விசைகளைப் பிடித்துப் பயனில்லை: அணைத்துவிட்டு, பவர் பட்டனையே விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் தொடக்கத் தேர்வுகள் வரும். அதில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டைப் பிடித்தபடி 'கண்டின்யூ இன் சேஃப் மோட்' சொடுக்க வேண்டும்.

லினக்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போன்ற ஏற்பாடு வழக்கமாக இல்லை, அணைத்தால் அணைந்ததுதான். முழுதாக உறைந்தாலும் கெர்னலோடு நேரடியாகப் பேச ஒரு வழி இருக்கிறது. ஆல்ட், சிஸ்ஆர்க்யூ இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நொடி இடைவெளி விட்டு ஆர், இ, ஐ, எஸ், யு, பி என்று தட்டுவது. சிஸ்ஆர்க்யூ பெரும்பாலும் பிரிண்ட் ஸ்க்ரீன் விசைதான். கீபோர்டைத் திரும்ப வாங்கு, நிரல்களை மரியாதையாக மூடு, மூடாதவற்றைக் கொல், எழுத வேண்டியதை டிஸ்க்கில் எழுது, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்று, ரீபூட் செய் என்பதுதான் அந்த ஆறு எழுத்துகளின் வரிசை. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் சிலவற்றில் பாதுகாப்புக்காக இதன் சில எழுத்துகளை முடக்கி வைத்திருப்பார்கள், தேவைப்படும் முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆன் ஆகவே மறுத்தால்

லேப்டாப் உயிரே இல்லாமல் கிடந்தால், சார்ஜரைக் கழற்றுங்கள், யுஎஸ்பியில் செருகியதையெல்லாம் எடுங்கள், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வெளியேறி, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப் தன் பழைய நிலையை மறந்து புதிதாகத் தொடங்குகிறது. டெஸ்க்டாப் என்றால் பின்பக்கச் சுவிட்சை அணைத்து, ஒயரை உருவிவிட்டு, அதேபோல் பட்டனைப் பிடிக்க வேண்டும். முழுதாக அணைத்துவிட்டதாக நினைக்கும் டெஸ்க்டாப்பிலும் ஒயர் செருகியிருக்கும் வரை மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும், உருவினால்தான் நிற்கும்.

டெஸ்க்டாப்பின் பவர் பட்டனே உடைந்துவிட்டால் கேஸ் மாற்ற வேண்டியதில்லை. பவர் பட்டனும் ரீசெட் பட்டனும் ஒரே வகைச் சுவிட்சுகள்தான், அழுத்தும் நேரத்துக்கு மட்டும் இரண்டு பின்களை இணைக்கும். மின்சாரத்தை உருவிவிட்டு, மதர்போர்டில் பவர் சுவிட்சுக்கான பின்களில் இருக்கும் ஒயரை எடுத்துவிட்டு அங்கே ரீசெட் பட்டனின் ஒயரைச் செருகினால், இனி ரீசெட் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன். எந்தப் பின் என்பது மதர்போர்டின் கையேட்டில் படத்தோடு இருக்கும்.

கை படாமல் தொடங்க

மின்சாரம் போய் வந்ததும் தானாக ஆன் ஆக வேண்டுமா? பயாஸில் பவர் பகுதியில் 'ஏசி பவர் லாஸ்' என்ற சொற்கள் வரும் தேர்வைத் தேடி, ஆன் என்று வையுங்கள். குறிப்பிட்ட மணிக்கு ஆன் ஆக, அதே இடத்தில் ஆர்டிசி அலாரம் என்ற தேர்வு பல கம்ப்யூட்டர்களில் உண்டு. வேறு அறையிலிருந்து நெட்வொர்க் வழியாக எழுப்ப 'வேக் ஆன் லேன்' இருக்கிறது, அதைப் பயாஸிலும் நெட்வொர்க் கார்டின் டிரைவர் அமைப்பிலும் இரண்டு இடத்திலும் ஆன் செய்ய வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகி இருந்தால் அணைத்த கம்ப்யூட்டரை இப்படி எழுப்புவது பல நேரம் தோற்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டரை ரிமோட் டெஸ்க்டாப்பில் ரீஸ்டார்ட் செய்யும்போது கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தினால் அது உங்கள் கையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். டெலிட்டுக்குப் பதில் எண்ட் அழுத்துங்கள். அல்லது அங்கே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஷட்டவுன் என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டி, இடைவெளி விட்டு சாய்கோடும் ரீஸ்டார்ட்டின் முதல் எழுத்தான ஆரும், மறுபடி இடைவெளி விட்டு சாய்கோடும் டைமின் முதல் எழுத்தான டியும், மறுபடி இடைவெளி விட்டு 60 என்று எழுதி என்டர் தட்டுங்கள். 60 நொடியில் ரீஸ்டார்ட் ஆகும். ஆருக்குப் பதில் எஸ் போட்டுவிட்டால் அது அணைந்துவிடும், யாராவது நேரில் போய்ப் பட்டனை அழுத்தும் வரை திரும்ப வராது. அப்படித் தவறிப் போட்டுவிட்டால் அந்த 60 நொடிக்குள் அதே ஷட்டவுன் சொல்லோடு சாய்கோடும் ஏ எழுத்தும் மட்டும் தட்டினால் ரத்தாகிவிடும்.